தீயணைப்போர் நினைவும் வடசென்னையின் மறைந்த கட்டடங்களும்: ஒரு வாய்மொழி வரலாற்று மூலத்தின் மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

சென்னையின் கட்டட வரலாறு பெரும்பாலும் கட்டியவர், வடிவமைத்தவர், திறந்துவைத்தவர் ஆகியோரின் பெயர்களைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் மறைந்த கட்டடங்களுள் பல, இத்தகைய பெயர்கள் ஏதும் இல்லாதவை: கிடங்குகள், ஆலைக்கூடங்கள், ஓலைக்குடிசைகள். அவற்றின் உட்புறத்தைத் தொழில்முறையில் அறிந்த ஒரு பிரிவினர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்கள். அவர்களுடைய நினைவை வரலாற்று மூலமாகக் கொள்ளுவதன் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வடசென்னை, வாய்மொழி வரலாறு, தீயணைப்புத் துறை, மூர் சந்தை, குடிசைப் பகுதிகள், தொழிற்சாலைக் கட்டடங்கள்.

முன்னுரை

2010ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையொட்டிச் சென்னையின் பாரம்பரியக் கட்டடங்கள் 467 கொண்ட பட்டியல் பரவலாக அறியப்பட்டது. பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைவதற்கும் அத்தீர்ப்பே வழிவகுத்தது. இத்தகைய பட்டியல்கள் இன்றியமையாதவை. எனினும், ஒரு கட்டடம் பட்டியலில் இடம்பெற அதன் முகப்பும் பழமையும் அதனோடு தொடர்புடைய பெரியோரும் அளவுகோல்களாகின்றன. மூட்டை அடுக்கிய கிடங்குக்கோ கீற்று வேய்ந்த குடிசை வரிசைக்கோ இவ்வளவுகோல்கள் பொருந்துவதில்லை. ஆதலின் அவை மறையும்போது மறைந்தன என்னும் குறிப்புகூட எஞ்சுவதில்லை.

தீயணைப்பு வீரர் ஒரு கட்டடத்தை அணுகும் முறை வேறு. வண்டி எதுவரை செல்லும், எந்த வாயில் உள்ளிருந்து பூட்டப்பட்டிருக்கும், தண்ணீர் எங்குக் கிடைக்கும், மேற்கூரையைத் தாங்குவது மரமா இரும்பா, உள்ளே அடுக்கியிருப்பது பஞ்சா எண்ணெயா என்பனவே அவர் அறியவேண்டியவை. கட்டடக்கலை வரலாறு பெரிதும் தவிர்த்துவிடும் இவ்வினாக்கள், அக்கட்டடம் எவ்வாறு பயன்பட்டது என்பதற்கான விடைகளாகவும் அமைகின்றன. சென்னை நகரில் தீயணைப்புப் படை 1908இல் தொடங்கியது. தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் 1985இல் இயற்றப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இப்பணியின் வழியே திரண்ட இடவறிவு, ஏட்டில் ஒரு பகுதியும் மனிதர் நினைவில் ஒரு பகுதியுமாக உள்ளது.

மறைந்த கட்டடங்களை எரிந்தபின் மறைந்தவை, காக்கப்பட்டுப் பின் மறைந்தவை, கணக்கில் வாராமல் மறைந்தவை என மூவகையாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் இம்மூலம் எவ்வகையில் பயன்படும் என்பது இங்குக் காணப்படுகிறது.

1. எரிந்தபின் மறைந்தவை

வடசென்னைக்குத் தென்வாயில் போன்ற பூங்கா நகரில் நின்ற மூர் சந்தை இவ்வகைக்குத் தக்க சான்று. மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் பெயரால் அமைந்த இச்சந்தைக்கு 1898இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1900இல் அது திறக்கப்பட்டது. பழைய நூல் முதல் பழைய இயந்திர உறுப்பு வரை விற்ற இச்சந்தை 1985 மே 30 அன்று தீக்கிரையாயிற்று. வணிகர்கள் பின்னர் அல்லிக்குளம் வளாகத்துக்குச் சென்றனர். எஞ்சிய கட்டுமானம் அகற்றப்பட்டது; அவ்விடத்தில் சென்ட்ரல் புறநகர் இரயில் முனையம் எழுந்தது.

‘மூர் சந்தை எரிந்துபோயிற்று’ என்பது பொதுவழக்கு. இத்தொடர் இரண்டு நிகழ்வுகளை ஒன்றாக்கிவிடுகிறது. தீ ஒரு கட்டடத்தைச் சிதைப்பது ஒன்று. தீக்குப்பின் எஞ்சியதை அகற்ற முடிவெடுப்பது மற்றொன்று. முன்னது ஓரிரவின் விபத்து. பின்னது நிருவாகத்தின் முடிவு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையை, அதாவது தீயடங்கிய காலையில் எந்தச் சுவர் நின்றது, எந்த வளைவு தாங்கியது, எப்பகுதி மீட்கத்தக்கதாக இருந்தது என்பதை, அங்கிருந்து கடைசியாக வெளியேறும் வீரர் அறிவார். சுவர் நிற்குமா சரியுமா என்று கணித்த பின்னரே அவர் உள்ளே கால்வைக்க இயலும். அக்கணிப்பு அவருடைய உயிரோடு தொடர்புடையது.

இவ்வேறுபாட்டைச் சேப்பாக்கத்துக் கலச மகால் தெளிவாக்குகிறது. 1768இல் ஆர்க்காட்டு நவாபுக்காக எழுப்பப்பட்ட அரண்மனையின் பகுதியான அது 2012 சனவரியில் எரிந்தது. தீயணைப்புப் பணியில் வீரர் ஒருவர் உயிரிழந்தார். ஆயினும், அக்கட்டடம் இடிக்கப்படவில்லை. பொதுப்பணித் துறையால் சுண்ணச்சாந்தும் மரமும் கொண்டு மீட்டமைக்கப்பட்டது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது. எரிந்த கட்டடம் மறைந்தே தீரவேண்டும் என்பதில்லை. எனவே, எரிந்து மறைந்ததாகச் சொல்லப்படும் ஒவ்வொரு கட்டடத்தைப் பற்றியும் ‘தீக்குப்பின் என்ன எஞ்சியிருந்தது?’ என்னும் வினா எழுப்பப்பட வேண்டும். அவ்வினாவுக்கு நேர்ச்சான்று தரத்தக்கோர் தீயணைப்பு வீரர்கள்.

2. காக்கப்பட்டுப் பின் மறைந்தவை

பெருந்தீ செய்தியாகிறது, தொடக்கத்திலேயே அணைக்கப்பட்ட தீ செய்தியாவதில்லை. தீயணைப்புத் துறையின் வெற்றிகள் வரலாற்றில் தடமின்றிப் போவதற்கு இதுவே காரணம். வடசென்னையின் தொழிற்சாலைக் கட்டடங்களுள் பல எரிந்து மறையவில்லை. பல்லாண்டுகள் தீயினின்று காக்கப்பட்டு, பின்னர்ப் பொருளாதார மாற்றத்தால் மூடப்பட்டு மறைந்தன.

இப்பகுதியில் தீயச்சத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தைத் தாக்கியபோது தீப்பற்றியவை பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். உயர் நீதிமன்ற வளாகத்தில் குண்டு விழுந்த இடத்துக்கு நினைவுக் கல்வெட்டு உண்டு. நகரம் எம்டனை நினைவுகூர்வது பெரும்பாலும் அச்சுவரின் வழியாகவே. எண்ணெய் எரிந்த துறைமுகப் பகுதி அந்நினைவில் பின்தங்கிவிட்டது. ஆனால், தண்டையார்ப்பேட்டையிலும் அதன் வடக்கிலும் எண்ணெய்க் கிடங்குகள் தொடர்ந்து பெருகின. 1969இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் இயங்கத் தொடங்கியது. தொட்டிகளுக்கும் குடியிருப்புக்கும் இடைப்பட்ட தொலைவு காலப்போக்கில் எவ்வாறு சுருங்கியது என்பது, இப்பகுதி நிலையங்களில் பணியாற்றியோர் ஒவ்வொரு பத்தாண்டிலும் கருத்தில் கொள்ளவேண்டியிருந்த செய்தி. நகர்மயமாதலை ஆராய்வோர்க்கு இது வரைபடத்துக்கு நிகரான சான்றாகும்.

பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலை மற்றோர் எடுத்துக்காட்டு. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றக் களமாக அமைந்த இவ்வாலை 1996இல் மூடப்பட்டது. பின்னர் அதன் கூடங்கள் நெடுங்காலம் திரைப்படப் படப்பிடிப்புக்குப் பயன்பட்டன. சங்க வரலாற்றை நாம் அறிவோம். ஆனால் பஞ்சுத்தூசி படியும் நூற்புக்கூடத்தின் காற்றோட்டம், கதவுகள் திறக்கும் திசை, நீர்த்தேக்கத்துக்கும் கூடத்துக்கும் இடைவெளி ஆகியவை தொழிலாளர் நாள்தோறும் மூச்சுவிட்ட இடத்தின் வரலாறு. ஆலைத் தொழிலாளரின் நினைவோடு தீயணைப்பு வீரரின் நினைவை ஒப்பிட்டே இதனை மீட்க இயலும்.

எண்ணூர் அனல்மின் நிலையம் அண்மைச் சான்று. 1970இல் இயங்கத் தொடங்கி, 450 மெகாவாட் திறன்பெற்று விளங்கிய அது 2017 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டது. நிலக்கரி செல்லும் நகர்பட்டை, மின்மாற்றியின் எண்ணெய், அழுத்தமிகு நீராவி ஆகியன ஒருங்கிருந்த அவ்வளாகத்தின் வரைபடங்கள் அலுவலகங்களில் இருக்கக்கூடும். எந்தப் படிக்கட்டில் புகை முதலில் சூழும் என்பதை வரைபடம் சொல்லாது. நெருக்கடிக் காலத்தில் அக்கட்டடங்கள் எவ்வாறு இயங்கின என்பது, அங்குப் பணியாற்றியோரும் உதவிக்கு அழைக்கப்பட்டோரும் சொன்னால்தான் தெரியும்.

3. கணக்கில் வாராமல் மறைந்தவை

வடசென்னையில் மிகுதியாக மறைந்த கட்டட வகை குடிசையாகும். இதனைக் ‘கட்டடம்’ என்று கொள்ளாத வழக்கமே அதன் வரலாறின்மைக்குக் காரணம். 1921ஆம் ஆண்டு ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடத் தொழிலாளரின் குடிசைகள் தீக்கிரையாயின. தொழிலாளர் இயக்க வரலாற்றிலும் சாதி வரலாற்றிலும் பேசப்படும் அத்தீ, நகரக் கட்டட வரலாற்றில் இடம்பெறுவதில்லை.

கோடைதோறும் கீற்றுக் கூரைகள் எரிவது பின்வந்த பல பத்தாண்டுகளிலும் சென்னையின் வழக்கமான செய்தியாக இருந்தது. 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா அரசு தீப்பிடிக்காத வீடுகள் கட்டும் திட்டத்தை மேற்கொண்டதும், 1970இல் குடிசை மாற்று வாரியம் நிறுவப்பட்டதும், 1971இல் குடிசைப் பகுதிகள் சட்டம் இயற்றப்பட்டதும் இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கன. தமிழக வீட்டுவசதிக் கொள்கையில் தீ ஓர் உந்துவிசையாக இருந்துள்ளது என்பதை இவ்வரிசை உணர்த்துகிறது.

இங்குத் தீயணைப்புத் துறையின் பதிவும் நினைவும் வேறொரு மதிப்பைப் பெறுகின்றன. பட்டா இல்லாத குடியிருப்பு, நில ஆவணத்தில் ‘புறம்போக்கு’ என்ற ஒற்றைச் சொல்லாகவே நிற்கும். அதே இடத்துக்குத் தீயணைப்பு வண்டி சென்ற செய்தி, அங்கு வீடுகள் இருந்தன, மனிதர் வாழ்ந்தனர் என்பதற்குச் சான்று. தெரு எவ்வளவு குறுகியது, வண்டி எங்கே நிறுத்தப்பட்டது, எத்தனை வரிசைகள் எரிந்தன என்பவற்றை நினைவுகூரும் வீரர், அறியாமலேயே ஒரு குடியிருப்பின் வரைபடத்தைத் தருகிறார். மறுகுடியமர்வு என்னும் பெயரில் நகரின் விளிம்புக்கு அனுப்பப்படும் குடும்பங்கள், தாங்கள் நெடுங்காலம் ஓரிடத்தில் வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டிய நிலையில் உள்ளன. அவர்களுக்கு இது ஆய்வுப்பொருள் மட்டுமன்று, உரிமைச்சான்று.

கடலால் மறைந்தனவும் இவ்வகையினவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் கட்டப்பட்டபின், தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் நோக்கிக் கடலரிப்பு மிகுந்தது. மீனவக் குப்பங்களின் வீடுகளும் சாலையின் பகுதிகளும் கடலுக்குள் சென்றன. தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை என்னும் இன்றைய பெயரில் உள்ள ‘மீட்பு’ என்ற சொல், தீயோடு நீரையும் அதன் பணியெல்லைக்குள் கொண்டுவருகிறது.

4. நினைவின் எல்லையும் ஆய்வுமுறையும்

தீயணைப்போர் நினைவு குறையற்ற மூலம் அன்று. அது கட்டடத்தை அதன் மிக மோசமான நாளில் கண்ட நினைவு. பெருந்தீ பதிகிறது, சிறுதீ மங்குகிறது. ஒரே சாலையில் நேர்ந்த இரு விபத்துகள் ஒன்றாகக் கலந்துவிடலாம். தீக்கான காரணம் பற்றி ஊரில் நிலவிய பேச்சு, கண்ட செய்தியாகவே நினைவில் உறைந்திருக்கவும் கூடும்.

இத்தாலியின் டெர்னி என்னும் உருக்காலை நகரை ஆராய்ந்த அலெசாண்ட்ரோ போர்டெல்லி இதற்கு வழிகாட்டுகிறார். லூய்ஜி டிரஸ்டுல்லி என்னும் தொழிலாளி 1949இல் ஓர் ஆர்ப்பாட்டத்தில் காவலரால் கொல்லப்பட்டார். பலர் நினைவிலோ அச்சாவு, 1953இல் நிகழ்ந்த ஆட்குறைப்புப் போராட்டத்தோடு இணைந்திருந்தது. போர்டெல்லி இதனைப் பிழையென ஒதுக்கவில்லை. அந்நகரத் தொழிலாளர்க்கு ஆட்குறைப்பு எத்துணைப் பெரிய இழப்பாக இருந்தது என்பதற்குச் சான்றாகக் கொண்டார். ஆலைகள் மூடப்பட்ட வடசென்னையிலும், ஒரு கட்டடம் ‘எரிந்துபோயிற்று’ என்று சொல்லப்படுமாயின், அது எரிந்ததா, மூடப்பட்டதா என ஆவணத்தால் தெளியவேண்டும். மூடப்பட்டதை எரிந்ததாக ஏன் நினைக்கிறார்கள் என்றும் கேட்கவேண்டும்.

நிறுவன முறையில் இத்தகைய நினைவைத் தொகுத்ததற்கு முன்மாதிரி உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் 343 பேரை இழந்த நியூயார்க் தீயணைப்புத் துறை, அடுத்த சில மாதங்களுக்குள் 503 பணியாளர்களின் வாய்மொழிச் சான்றுகளைப் பதிவுசெய்தது. வழக்கொன்றின் விளைவாக அவை 2005இல் வெளியிடப்பட்டன. உலக வணிக மையக் கோபுரங்களின் படிக்கட்டுகளும் முகப்புக் கூடமும் இறுதிப் பொழுதில் இருந்த நிலையை அறிய அவை அடிப்படைச் சான்றுகளாக உள்ளன. கட்டடம் மறைந்தபின் அதன் உட்புறத்தை மனித நினைவு தாங்கிநின்றதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான பகுதிக்கு ஏற்ற முறையைப் பின்வருமாறு வகுக்கலாம். முதலாவது, நேர்காணலை அறைக்குள் நடத்தாமல், இயன்றவரை அந்தந்தச் சாலையில் நடந்தபடியே நிகழ்த்துதல். இரண்டாவது, கதையாகச் சொல்வதோடு நிறுத்தாமல், வாயில், நீர்நிலை, கூரை ஆகியவற்றைத் தாளில் வரைந்துகாட்டக் கேட்டல். மூன்றாவது, அவ்வரைவை நில அளவை வரைபடம், நாளிதழ்ச் செய்தி, நிலையப் பதிவேடு ஆகியவற்றோடு ஒப்பிடுதல். நான்காவது, அதே தீயை வீட்டினுள்ளிருந்து கண்ட குப்பத்துப் பெண்களையும் ஆலைத் தொழிலாளரையும் உடன் கேட்டல். ஐந்தாவது, உயிரிழந்தோர், தீவைத்ததாகப் பேசப்பட்டோர் ஆகியோரின் அடையாளங்களை வெளியிடாதிருத்தல்.

முடிவுரை

1856இல் தொடங்கிய இராயபுரம் இரயில் நிலையம் இன்றும் நிற்கிறது. அதன் தொன்மை பலமுறை எழுதப்பட்டது. தீப்பெட்டி நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய விம்கோ நகருக்கு 2021இல் மெட்ரோ இரயில் வந்தது. நிலையப் பெயராகத் தொழில் வரலாறு எஞ்சியது. இவ்வாறு எழுத்தாகவோ பெயராகவோ எஞ்சாத கட்டடங்களே மிகுதி. அவற்றுள் எரிந்தவற்றில் எஞ்சியதென்ன, காக்கப்பட்டவை எவ்வாறு இயங்கின, கணக்கில் வாராதவை எங்கிருந்தன என்னும் மூன்று வினாக்களுக்கும் தீயணைப்போர் நினைவு விடைதரவல்லது.

இப்பணிக்குக் காலம் குறுகியது. 1985இல் இருபத்தைந்து வயதில் தீயணைப்புப் பணியில் இருந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். எண்ணூர் மின் நிலையம் தொடங்கிய 1970இல் அதே வயதினராக இருந்தோர் எண்பதை ஒட்டியுள்ளனர். பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளும் தமிழ்த் துறைகளும் தீயணைப்புத் துறையோடு இணைந்து, நிலையம் வாரியாக ஓய்வுபெற்றோரின் நினைவைத் தொகுப்பது உடனடித் தேவை. இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்னும் நான்கு பகுதிகளில் இதனைத் தொடங்குவது பொருத்தமாகும்.