மாதோட்டத்துக் கடைகளில் வைத்த அறம்

மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து பெருநிலத்தில் கால் வைப்போர்க்குச் சிறிது தொலைவிலேயே பழைய மண்மேடுகள் சூழ்ந்த ஓர் இடம் எதிர்ப்படும். திருக்கேதீச்சரக் கோயிலும் பாலாவித் தீர்த்தமும் அங்கே உள்ளன. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய மாதோட்டம் அதுவே. பாளி நூல்கள் மகாதித்த என்று வழங்கும் பெருந்துறையும் அதுவே. 1980 ஆம் ஆண்டு தொடங்கி 1984 வரை அங்கு நடைபெற்ற அகழாய்வு போர்ச் சூழலால் நின்றது. 2009, 2010 ஆம் ஆண்டுகளில் மீண்டும் தொடர்ந்தது. சீன நாட்டு மட்கலங்களும், மேற்காசிய நாட்டுக் கலவோடுகளும், மிளகும் அம்மண்ணில் வெளிப்பட்டன. அவற்றோடு கிராம்பும் கிடைத்தது. கிராம்பு அந்நாளில் விளைந்த இடம் கீழ்த்திசையிலுள்ள மொலுக்காசுத் தீவுகள். அங்கிருந்து இத்தனை கடல் கடந்து வந்த சரக்கு மாதோட்டத்துச் சந்தையில் கைமாறியது என்றால், அச்சந்தையின் பெருமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய துறைமுகத்தில் பொருள் ஈட்டியவர்கள் அப்பொருளில் ஒரு கூற்றை அறத்திற்கு எவ்வாறு ஒதுக்கினார்கள்? இவ்வினாவுக்கு விடை தரும் கல்வெட்டுகள் மாதோட்டத்திற் கிடைத்துக் கொழும்பு அரும்பொருட்காட்சிச்சாலையைச் சேர்ந்தன. இரண்டும் தமிழ்க் கல்வெட்டுகள். சோழர் ஆட்சி இலங்கையில் நிலவிய காலத்தவை. அந்நாளில் மாதோட்டத்திற்கு இராசராசபுரம் என்ற மறுபெயரும் இருந்தது.

முதற் கல்வெட்டு, தாழிகுமரன் என்னும் சோழநாட்டு அதிகாரி எடுப்பித்த இராசராச ஈச்சரம் என்ற கோயிலைப் பற்றியது. கோயிலுக்கு நிலம் விடப்பட்டது. வைகாசி விசாகத் திருவிழாவுக்கு வழி செய்யப்பட்டது. ஆயின், நிலத்தோடு மட்டும் அக்கொடை நிற்கவில்லை. தறி ஒவ்வொன்றுக்கும் மாதந்தோறும் ஒரு சிறு தொகை கோயிலைச் சேர வேண்டும். சரக்கை விற்பவர், வாங்குபவர் ஆகிய இருதிறத்தாரும் காசுக்கு இவ்வளவு என்று சிறு கூறு இறுக்க வேண்டும். வாங்குகின்றவனுடைய கையிலிருந்தும் ஒரு துளி அறத்திற்குப் போகுமாறு செய்தது இவ்வேற்பாட்டின் நுட்பம். கொடுப்பவனுக்குப் பாரம் தோன்றாது; நாள் முழுதும் நடக்கும் வாணிகத்தில் அது சேர்ந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது கல்வெட்டு இன்னும் சுவையானது. மாதோட்டத்திலிருந்த திருவிராமீச்சரம் என்ற கோயிலில் விளக்கு எரிப்பதற்காகக் காசு வழங்கப்பட்டது. அக்காசு கோயிற் பண்டாரத்தில் வைத்துப் பூட்டப்படவில்லை. ஊரிலிருந்த மூவகை வணிகரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. சங்கரபாடியார், வெற்றிலை வாணியர், வாழைக்காய் வாணியர் என்பன அவர்களுக்குக் கல்லில் உள்ள பெயர்கள். முதலைத் தொடாமல் அதன் பொலிசையைக் கொண்டு, அதாவது வட்டியைக் கொண்டு, தருமத்தை நடத்துவது அக்கால வழக்கம்.

சங்கரபாடியார் எண்ணெய் வணிகர். விளக்குக்கும் அவர்களுக்கும் உள்ள தொடர்பு வெளிப்படை. வெற்றிலை விற்பவனிடமும் வாழைக்காய் விற்பவனிடமும் விளக்கின் காசை ஏன் வைக்க வேண்டும்? சீனக் கலமும் மிளகும் ஏற்றி இறக்கிய பெருவணிகர் உலவிய துறையல்லவா அது? கல்வெட்டு காரணம் கூறவில்லை. ஆயினும் வாணிகத்தின் இயல்பை அறிந்தோர்க்கு ஒரு காரணம் புலனாகும். பெருவணிகனின் செல்வம் காற்றையும் கப்பலையும் நம்பியது. பருவக்காற்று மாறும்வரை அவன் கையிற் காசு இராது. கலம் கவிழ்ந்தால் முதலும் கவிழும். வெற்றிலையோ அன்றன்று விற்க வேண்டிய பொருள். வாழைக்காயும் அத்தகையதே. நாள்தோறும் சில்லறை புழங்கும் கடை அது. விளக்கும் நாள்தோறும் எரிய வேண்டியது. ஆகவே நாள்வரவு உள்ளவனிடம் நாட்செலவுள்ள அறத்தை ஒப்புவித்தனர் என்று கொள்வது பொருத்தமாகும்.

சோழநாட்டு உள்ளூர்களில் இதே கடமை ஆடுகளைக் கொண்டு நடந்தது. நந்தா விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளை இடையரிடம் விடுவர். அவர் நெய் அளந்து வருவர். ஆடு இறந்தால் குட்டி அவ்விடத்தை நிரப்பும் என்பதால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். மேய்ச்சல் நிலத்தில் ஆடு, துறைமுகத்திற் காசு. இடத்திற்கேற்ப முதல் மாறியது. முதல் அழியாமல் பயன் விளைய வேண்டும் என்ற கருத்து மாறவில்லை.

இங்கே கருதத் தக்கது ஒன்றுண்டு. வணிகர் பொலிசையைச் செலுத்தினரா இல்லையா என்பதைக் கண்டறிய அக்காலத்தில் கணக்காய்வாளர் ஒருவர் தொலைவிலிருந்து வரவேண்டிய தேவை இருக்கவில்லை. விளக்கே கணக்கு. மாலையில் கோயிலுக்கு வருகின்ற எவனும், அது எரிகிறதா என்று கண்ணாற் காண்பான். எரியாவிட்டால் யாரைக் கேட்க வேண்டும் என்பது கல்லிலே பொறிக்கப்பட்டிருந்தது. அவர்களுடைய கடையும் அவ்வூரிலேயே இருந்தது.

கடைக்குள் அறத்தை வைக்கும் இம்முறை இக்காலத்தில் இயந்திர வடிவமும் எடுத்துள்ளது. காசு இட்டால் பொருள் தரும் இயந்திரம் புதுமை என்று பலர் எண்ணுவர். கிறித்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஹீரோன் என்னும் பொறிவல்லோன் தன் நூலில் இத்தகைய பொறி ஒன்றை விவரித்துள்ளான். காசின் பாரத்தால் உள்ளேயுள்ள நெம்புகோல் சாயும். அடைப்புத் திறந்து நீர் வரும். காசு வழுக்கி விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். அப்பொறி தந்தது கோயிலின் புனித நீர். முதற் காசுப்பொறியும் கோயிலை அடுத்தே தோன்றியது என்பது எண்ணி மகிழத்தக்கது.

அண்மைக் கால வரலாறு 1883 இல் இலண்டனில் தபாலட்டை விற்ற பொறியோடு தொடங்குகிறது. 1888 இல் நியூயோர்க் புகையிரத மேடைகளில் மெல்லும் பசை விற்கும் பொறி நின்றது. மெல்லுவதற்கான பொருளே அங்கும் சில்லறையைத் திரட்டியது; வெற்றிலை வாணியர் கண்டிருந்தால் வியந்திரார். பின்னர் அமெரிக்காவில் சமூக சேவைக் கழகங்கள் இவ்வாய்ப்பைக் கண்டுகொண்டன. மிட்டாய்ப் பொறி ஒன்றைக் கடையின் மூலையில் நிறுத்துவர். கடைக்காரர் தருமத்தை எண்ணி இடம் கொடுப்பார். பொறியின்மேல் கழகத்தின் பெயர் ஒட்டியிருக்கும். வருவாயில் ஒரு பங்கு கண்ணொளி இழந்தோர்க்கோ நோயுற்ற குழந்தைகளுக்கோ போகும்.

எவ்வளவு போகும் என்பதே வினா. பொறியின் உரிமையாளர் சிலர், தரும நிறுவனத்திற்கு மாதந்தோறும் ஒரு சிறு நிலைத்தொகையைச் செலுத்தி, அதன் பெயரை ஒட்டும் உரிமையைப் பெற்று, எஞ்சியதைத் தாமே எடுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கு உண்டு. இது மறைவான செய்தியன்று. ஆயினும் காசு இடுகின்ற குழந்தை, தன் காசு முழுவதும் இன்னொரு குழந்தைக்குச் செல்கிறது என்று நம்பியே இடுகிறது. மாதோட்டத்து விளக்கைப் போலக் கண்ணெதிரே எரிகின்ற பயன் இங்கே இல்லை. ஒட்டிய தாள் மட்டுமே உண்டு. சட்டத்திற்கு அது போதலாம், அறத்திற்குப் போதாது.

நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 2022 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் துபாய் நகரில், வக்பு எனப்படும் அறக்கொடைகளுக்கு ஆலோசனை வழங்கும் அரச நிலையம், பேரங்காடிகளில் பத்து இயந்திரங்களை நிறுத்தியது. தேவையுள்ளவர் ஒரு பொத்தானை அழுத்தினால் சூடான ரொட்டி இலவசமாக வெளிவரும். கொடுக்க விரும்புபவர் அதே பொறியில் நன்கொடை செலுத்தலாம். பெறுபவன் யார் முகத்தையும் நோக்க வேண்டியதில்லை. கொடுப்பவனும் அவன் பெயரைக் கேட்பதில்லை. தொலைநாட்டில் உழைக்கும் ஏழைத் தொழிலாளிக்கு அந்த முகமறியாமையே பெரிய ஈகையாகும். ரொட்டி கையிற் கிடைப்பதால் கணக்கும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

தமிழர் வாணிகத்தில் இவ்வழக்கு அறுந்ததில்லை. விருதுநகர் வணிகர் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை திரட்டினர். இல்லந்தோறும் பிடியரிசி சேர்த்தனர். அவ்வழியிலே 1889 இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலையிற் காமராசர் பயின்றார். மாதோட்டத்திலும், பறங்கியர் காலத்தில் அழிந்த கோயிலைப் புதுக்க வேண்டும் என்று ஆறுமுக நாவலர் 1872 இல் எழுதினார். 1893 இல் காணி வாங்கப்பட்டபோது நாட்டுக்கோட்டை நகரத்தார் முன்னின்றனர். மகமை கண்ட மரபினர் அவர்கள்.

2022 இல் சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில், பத்து ரூபாய் இட்டால் துணியாலான மஞ்சட்பை தரும் இயந்திரம் நிறுவப்பட்டது. அது அரசின் முயற்சி. மன்னார் நகரிலும் கடைகளில் அறத்தின் பெயரால் ஒரு பொறியை நிறுத்த எவரேனும் முன்வருவராயின், பாடசாலைக்கு அருகிலுள்ள கடையிற் கொப்பியும் பேனையும் விற்கும் பொறி உகந்ததாகும். ஆனால் அதன்மேல் கழகத்தின் பெயரை எழுதுமுன், சென்ற மாதம் எவ்வளவு சேர்ந்தது, எந்தப் பிள்ளைக்கு வேண்டியவற்றுக்கு அது செலவாயிற்று என்பதை, பிள்ளையின் பெயரை மட்டும் விடுத்து, எழுதி ஒட்ட வேண்டும். பொறியைத் திறந்து எண்ணும்போது கடைக்காரரும் அயலவர் ஒருவரும் உடனிருக்க வேண்டும்.

மன்னாரின் உப்புக் காற்றையும் மறக்கலாகாது. இரும்பை அது விரைவிலே அரித்துவிடும், நெம்புகோல் இறுகும், பழுது பார்ப்பவர் கொழும்பிலிருந்து வரவேண்டியிருக்கும். அதுவரை, கடைக்காரர் மேசைமேல் ஒரு போத்தலை வைத்து, அதன் மூடியிற் காசு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் இடுவார். கண்ணாடிப் போத்தலாதலால், உள்ளே சேர்ந்தது எவ்வளவு என்பது கடைக்கு வருவோர் எல்லோர்க்கும் தெரியும்.