ஃபாரடே ஏற்றிய மெழுகுவர்த்தி

1782 ஆகஸ்ட் 29ஆம் தேதி இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு அருகே நங்கூரமிட்டிருந்த 'ராயல் ஜார்ஜ்' என்ற போர்க்கப்பலை, அடிப்பாகத்தில் பழுது பார்ப்பதற்காக ஒரு பக்கமாகச் சாய்த்தார்கள். சாய்ந்த கப்பல் நிமிரவில்லை. 800க்கும் மேற்பட்டவர்களோடு அங்கேயே மூழ்கிப்போனது. அரை நூற்றாண்டு கழித்து, 1839இல், பாஸ்லி என்ற ராணுவப் பொறியாளர் அந்தச் சிதிலத்தை வெளியே எடுக்கும் வேலையைத் தொடங்கினார். பீரங்கிகள் வந்தன, மரத்துண்டுகள் வந்தன. கூடவே, கொழுப்பில் செய்த மெழுகுவர்த்தியும் வந்ததாம்.

அப்படிச் சொல்லித்தான் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே அதைக் குழந்தைகளிடம் காட்டினார். இடம், லண்டன் ஆல்பமார்ல் தெருவில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தின் அரங்கு. காலம், 1860ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறை. அவருக்கு வயது 69. அத்தனை காலம் உப்புத் தண்ணீரில் ஊறி, விரிசல் விட்டு, அங்கங்கே உடைந்திருந்த அந்த மெழுகுவர்த்தி பற்றவைத்ததும் சீராக எரிந்தது. கொழுப்பு உருகியதும் பழைய குணத்துக்கே திரும்பிவிட்டது.

அன்று மேசைமேல் இருந்தது அது ஒன்று மட்டுமல்ல. ரஷ்யாவிலிருந்து வந்த மாட்டுக்கொழுப்பு, திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகு, தேன்மெழுகு, அயர்லாந்துச் சதுப்பு நிலத்திலிருந்து பிரித்தெடுத்த பாரஃபின் என்று ஒரு சின்னக் கடையே விரித்திருந்தார். ஜப்பானிலிருந்து வந்த ஒரு வகை மெழுகும் அதில் இருந்தது. அந்த நாட்டுக்குள் வலுக்கட்டாயமாக நுழைந்த பிறகு கிடைத்த பொருள் என்று ஃபாரடே ஒளிக்காமல் சொன்னார். கடைசிச் சொற்பொழிவுக்குள், கேட்க வந்திருந்த ஒரு பெண்மணி அலங்காரம் செய்த இரண்டு ஜப்பான் மெழுகுவர்த்திகளையே அவருக்கு அனுப்பிவைத்தார். அவற்றின் திரி நடுவில் குழலாக இருந்தது. ஐரோப்பாவில் ஆர்கண்ட் என்பவர் விளக்குக்குள் கொண்டுவந்து பெயர் வாங்கிய அதே உத்தி. ஃபாரடே அதையும் கையில் எடுத்துக் காட்டி வியந்தார். இந்த ஜப்பான் சரக்கு பிற்பாடு கதைக்குள் மறுபடி வரும்.

ஆறு சொற்பொழிவுகள். தலைப்பு, ஒரு மெழுகுவர்த்தியின் வேதியியல் வரலாறு. இதே தலைப்பில் 1848இலும் அவர் பேசியிருந்தார். சிறுவர்களுக்கான இந்தக் கிறிஸ்துமஸ் சொற்பொழிவு வரிசை 1825இல் தொடங்கியது. அவர் மட்டும் 19 தொடர்கள் நடத்தியிருக்கிறார். 1855இல் ராணி விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட், மகன்களை அழைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து கேட்டார். அந்தக் காட்சியின் ஓவியம் 1991 முதல் பத்து ஆண்டுகள் இங்கிலாந்தின் 20 பவுண்டு நோட்டில் இருந்தது.

அந்த அரங்குக்குள் யாருக்கு இடம் உண்டு என்பது வேறு கதை. 1799இல் ராயல் இன்ஸ்டிடியூஷனைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவில் பிறந்து பவேரியாவில் பிரபுப் பட்டம் வாங்கிய ரம்ஃபோர்ட். கைத்தொழில் செய்கிறவர்களுக்கும் அறிவியல் போய்ச்சேர வேண்டும் என்பது தொடக்கத் திட்டத்தில் இருந்தது. அவர்கள் தெருவிலிருந்து நேரே மாடத்துக்கு ஏறிப்போகத் தனியாக ஒரு கல் படிக்கட்டும் கட்டினார்கள். பிறகு தொழிலாளிக்கு அறிவு புகட்டுவது அரசியல் ஆபத்து என்று பயந்து படிக்கட்டை இடித்துவிட்டார்கள். கட்டிடத்தை வடிவமைத்த வெப்ஸ்டரே இதைக் கசப்போடு எழுதிவைத்திருக்கிறார். அதன் பிறகு அரங்கு சீமான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் ஆனது. வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி பேசும் நாட்களில் குதிரை வண்டிகள் முட்டிமோதியதால்தான் ஆல்பமார்ல் தெரு லண்டனின் முதல் ஒருவழிப் பாதையானது என்று சொல்வார்கள்.

படிக்கட்டு இல்லாத அந்த அரங்குக்குள் 1812இல் ஒரு கொல்லன் மகன் நுழைந்தான். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்த பையன். கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் இரக்கப்பட்டு டேவியின் நான்கு சொற்பொழிவுகளுக்குச் சீட்டு கொடுத்தார். பையன் மாடத்தில் கடிகாரத்துக்கு மேலே இடம் பிடித்து உட்கார்ந்து, கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்தான். படம் போட்டான், தானே புத்தகமாகக் கட்டினான், டேவிக்கே அனுப்பிவைத்தான். அடுத்த ஆண்டு ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது. அந்தப் பையன்தான் ஃபாரடே. சீட்டு கொடுத்த அந்த வாடிக்கையாளர் வில்லியம் டான்ஸ் என்ற இசைக்கலைஞர். அறிவியல் வரலாற்றில் அவருக்கு ஒரு வரியாவது ஒதுக்கத்தான் வேண்டும்.

எரிவது மெழுகா, திரியா? ஃபாரடே மெழுகுவர்த்தியை மெல்ல அணைத்தார். ஊதி அணைத்தால் காற்று கலைந்துவிடும், அதனால் நிதானமாக. திரியிலிருந்து வெள்ளைப் புகை ஒன்று நூல்போல மேலே எழுந்தது. எரியும் ஒரு குச்சியைத் திரியில் வைக்காமல், இரண்டு மூன்று அங்குலம் தள்ளி அந்தப் புகையில் பிடித்தார். நெருப்பு புகை வழியாகக் கீழே ஓடிப்போய்த் திரியைப் பற்றிக்கொண்டது. அந்தப் புகை, ஆவியாகிப்போன மெழுகு. எரிவது அந்த ஆவிதான். வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றின் முனையைச் சுடரின் நடுவில் இருக்கும் இருண்ட பகுதிக்குள் செருகினால் அதே ஆவி குழாய் வழியாக வெளியே வரும். மறுமுனையில் தீ வைத்தால் அங்கே இன்னொரு சுடர் நிற்கும். அதையும் செய்து காட்டினார்.

உருகிய மெழுகு திரியில் எப்படி மேலே ஏறுகிறது என்பதற்குத் தட்டில் ஒரு உப்புத் தூணை நிறுத்தி, அடியில் நீலச்சாயம் கலந்த உப்புக் கரைசலை ஊற்றினார். நீலம் மெல்ல மெல்லத் தூணில் ஏறியது. நம் ஊருக்கும் இந்தச் சாய உத்தியில் ஒரு பங்கு உண்டு. 1995 செப்டம்பர் 21 அன்று நாடு முழுக்கப் பிள்ளையார் பால் குடித்தாரே, அன்றும் அரசு விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்துதான் காட்டினார்கள். கரண்டியிலிருந்து கிளம்பிய பால் சிலைமேல் படலமாகப் படர்ந்து கீழே வழிந்துபோனது நிறத்தில் தெரிந்தது. மணிக்கணக்கில் பேசினாலும் நம்பாதவர்கள், சாயம் இறங்குவதைக் கண்ணால் பார்த்தால் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள்.

ஃபாரடேயின் சாமர்த்தியம் வரிசையில் இருந்தது. சுடருக்கு மேலே ஐஸும் உப்பும் போட்ட கிண்ணத்தைப் பிடித்தார். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கியது. நெருப்பிலிருந்து தண்ணீரா என்று பிள்ளைகள் வாயைப் பிளந்திருப்பார்கள். தண்ணீர்தான் என்பதற்குச் சாட்சியாகப் பொட்டாசியத் துண்டு ஒன்றை அதில் தொட்டார். அது ஊதா நிறத்தில் எரிந்தது. அங்கிருந்து ஹைட்ரஜன், ஆக்சிஜன், காற்று, கரியமில வாயு. ஆறாவது நாள் வந்து நின்ற இடம், நாம் விடும் மூச்சு. மெழுகுவர்த்திக்குள் நடப்பதுதான் நம் உடம்புக்குள்ளும் நடக்கிறது. மனிதன் ஒரு நாளில் ஏழு அவுன்ஸ் கரியையும், குதிரை 79 அவுன்ஸையும் மூச்சிலேயே வாயுவாக்கி வெளியேற்றுவதாகக் கணக்குச் சொன்னார். முதல் நாள் சாதாரண மெழுகுவர்த்தியைப் பார்க்க வந்த பிள்ளை, கடைசி நாள் தன் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போயிருக்கும்.

சொற்பொழிவுகளை அச்சில் போட ஃபாரடேக்கு விருப்பம் இருந்ததில்லை. முன்பு ஒரு பதிப்பாளர் கேட்டபோது, சோதனையும் நேரில் பேசும் உயிர்ப்பும் போய்விட்டால் எழுத்தில் ஒன்றும் மிஞ்சாது என்று தட்டிக்கழித்திருந்தார். இந்த முறை வில்லியம் குரூக்ஸ் என்ற இளம் வேதியியலாளர் விடவில்லை. பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதி எடுக்கவைத்து, தன் 'கெமிக்கல் நியூஸ்' பத்திரிகையில் போட்டு, 1861இலேயே புத்தகமாகவும் ஆக்கினார். தாலியம் என்ற தனிமத்தை நிறமாலையின் ஒரு பச்சைக் கோட்டில் அவர் கண்டுபிடித்ததும் அதே ஆண்டில்தான். மெழுகுவர்த்தி இனி லண்டனை விட்டுக் கிளம்பலாம்.

புத்தகம் கப்பலேறியதைப் போலவே, அந்த அரங்கும் ஒரு யோசனையாகக் கப்பலேறியது. கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர், ராயல் இன்ஸ்டிடியூஷன் மாதிரி நமக்கும் ஒன்று வேண்டும், அதை நம் பணத்தில் நாமே நடத்த வேண்டும் என்று வீடுவீடாக நன்கொடை கேட்டு, 1876இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். பௌபஜார் தெரு 210ஆம் எண். சர்க்காரும், செயின்ட் சேவியர் கல்லூரியின் லாஃபோன் பாதிரியாரும் கருவிகளை வைத்துக்கொண்டு பொதுமக்களுக்குப் பேசினார்கள். சொற்பொழிவு நடந்ததே தவிர, அதைக் கேட்டுவிட்டு ஆராய்ச்சியில் இறங்க ஆள் வரவில்லை. 1904இல் அந்த ஏமாற்றத்தோடுதான் சர்க்கார் கண்ணை மூடினார்.

மூன்றே ஆண்டில் ஆள் வந்தார். நிதித்துறை உத்தியோகத்தில் சேரக் கல்கத்தா வந்த திருச்சிராப்பள்ளிக்காரர் சி.வி.ராமன், டிராமில் போகும்போது அந்தக் கழகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து இறங்கிக் கதவைத் தட்டினார். திறந்தவர் அங்கே வேலை பார்த்த ஆசுதோஷ் டே. சர்க்காரின் மகன் அமிர்தலால் உள்ளே அழைத்துச் சாவியையே கொடுத்த மாதிரிதான். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் அங்கேயே பழியாகக் கிடந்தார் ராமன். 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு உறுதியானது அதே கட்டிடத்தில். மேடைக் கலையையும் அவர் விடவில்லை. 1968 டிசம்பரில் விக்ரம் சாராபாய் அகமதாபாத்தில் அமைத்த சமுதாய அறிவியல் மையத்தில், எண்பது வயதில், வானம் ஏன் நீலம் என்று பிள்ளைகளிடம் பேசினார்.

இனி ஜப்பான். அங்கே ஃபாரடேயின் புத்தகம் 'மெழுகுவர்த்தியின் அறிவியல்' என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் புத்தகம். உயிரணுக்கள் தம் பகுதிகளையே தின்று புதுப்பித்துக்கொள்ளும் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கண்டறிந்து 2016இல் மருத்துவ நோபல் பெற்ற யோஷினோரி ஓசுமிக்குச் சின்ன வயதில் அண்ணன் கொடுத்த புத்தகங்களில் இதுவும் ஒன்று. லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019இல் வேதியியல் நோபல் பெற்ற அகிரா யோஷினோவுக்கு நான்காம் வகுப்பு ஆசிரியை இதைப் படிக்கச் சொன்னாராம். நோபல் செய்தி வந்ததும் ஜப்பானியர்கள் கடைகடையாக அதைத் தேடினார்கள். 1861இல் யாரோ ஒரு பெண்மணி கொடுத்த இரண்டு மெழுகுவர்த்திகளுக்கு இது குறைவில்லாத பதில் மரியாதை.

நம் ஊரிலும் இப்போது கூட்டங்களுக்குக் குறைவில்லை. மும்பையில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தார் 2009 முதல் ஞாயிறு காலைகளில் ஜூஹூவின் பிருத்வி தியேட்டரில் தேநீரும் கேள்வியுமாகக் கூட்டம் நடத்துகிறார்கள். சென்னையில் கணித அறிவியல் நிறுவனம், டிசம்பர் கச்சேரிகளுக்குப் பேர்போன மியூசிக் அகாடமி மேடையிலேயே ஆண்டுக்கொரு முறை விஞ்ஞானிகளை ஏற்றுகிறது. கிராமங்களில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் 'மந்திரமா தந்திரமா' நடத்திக் காட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் ஃபாரடேயின் நேர் வாரிசுகள் இந்தக் கடைசி ஆட்கள்தான். கையில் வைத்திருப்பதைக் காட்டிவிட்டு, பிறகுதான் பேசுகிறார்கள். நகரத்துக் கூட்டங்கள் பலவற்றில் மேசையே கிடையாது. திரையில் படம் ஓடுகிறது, பேச்சாளர் அதைப் பார்த்து வாசிக்கிறார், கடைசி வரிசையில் செல்போன் வெளிச்சம்.

கூட்டம் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பேச்சாளரைக் கூப்பிடும்போது எத்தனை ஸ்லைடு என்று கேட்காதீர்கள். மேசைக்கு என்ன கொண்டுவருகிறீர்கள் என்று கேளுங்கள். எலுமிச்சம்பழமோ காந்தமோ, எதுவானாலும் சரி. கேட்டுவிட்டுப் போகும் பிள்ளை அன்று இரவே வீட்டில் செய்துபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாசல் சீட்டில் கட்டணம் எழுதினாலும், இல்லாதவருக்கென்று பத்து இருக்கையாவது தனியே எடுத்துவையுங்கள்.