தந்தையின் மண்டியும் மகனின் பெயரும்

தந்தையும் வளர்ந்த மகனும் ஒரே கடையில் வாணிகம் செய்வது நம் கெடா நாட்டிற்குப் புதிய காட்சியன்று. சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் அலோர்ஸ்டாரிலும் இதனைக் காணலாம். தந்தையார் கல்லாவண்டை அமர்ந்திருப்பார். முப்பது வயது மகன் மூட்டை இறக்குவான், நிறுத்துக் கட்டுவான், கடன் புத்தகத்தில் பற்று எழுதுவான். சரக்கின் விலையும் வாங்குவோரின் குணமும் அவனுக்குத் தெரியும். ஆயினும் கல்லாவின் சாவி மட்டும் அவன் கைக்கு வருவதில்லை. இதனைப் பணிவென்று போற்றுவோர் உளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. ஈரோட்டு மண்டியொன்றின் வரலாறு இவ்விஷயத்தில் நமக்குத் துணை நிற்கிறது.

வெங்கட்ட நாயக்கர் இளமையில் வறுமையுற்றுக் கல்தச்சரிடம் கூலி வேலை செய்தவர். பின்னர் மாட்டு வண்டி ஓட்டினார். சிறு மளிகைக் கடை வைத்தார். முடிவில் ஈரோட்டில் மொத்த வியாபார மண்டிக்கு உரியவரானார். அவர் மகன் இராமசாமி, பிற்காலத்துப் பெரியார், 1879-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் பிறந்தார். பள்ளியில் அடங்காத சிறுவனைப் பன்னிரண்டு வயதளவில் தந்தையார் மண்டியில் சேர்த்தார். மூட்டைகளுக்கு விலாசம் எழுதுவதும் சரக்கை ஏலங் கூறுவதும் அவர் வேலை. ஏலங் கூறுவோன் கூட்டத்தின் முகமறிந்து, உரத்து, தயங்காது பேசவேண்டும். பிற்காலத்து மேடைக்கு அம்மண்டியே முதற்பள்ளி எனின் மிகையாகாது.

தந்தையார் பக்திமான். வீட்டிற்கு வரும் பண்டிதர்களை மகனோ கேள்விகளால் மடக்குவார். இக்கருத்து வேற்றுமை முற்றி, 1904-ஆம் ஆண்டளவில், 25 வயதில், இராமசாமி வீட்டைத் துறந்து காசிக்குச் சென்றார். அங்கே பசியும் ஏமாற்றமும் கண்டு திரும்பும் வழியில் ஏலூரில் தங்கியிருந்தவரைத் தந்தையார் நேரிற் சென்று அழைத்துவந்தார்.

அதன்பின் அம்முதியவர் செய்ததே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. ஓடிப்போனவன் என்று மகனை ஒதுக்கிவைக்கவில்லை. மண்டியையே மகன் பெயருக்கு மாற்றினார். இருவர் கொள்கையும் அதனால் ஒன்றாகிவிடவில்லை. தந்தை வழிபாட்டை விடவில்லை. மகன் வாதத்தை விடவில்லை. ஆயினும் மண்டி நடந்தது. 1911-இல் வெங்கட்ட நாயக்கர் மறைந்தபோது, வாணிகத்தைத் தாங்கப் பழகிய கை ஆயத்தமாக இருந்தது.

இதனை நாம் வேறோர் அனுபவத்தோடு ஒப்பிட்டே எழுதுகிறோம். நமது தந்தையாரும் தோட்டத்து லயத்தருகே சிறு கடை வைத்திருந்தார். பள்ளி விட்டபின் நாம் அங்கே அரிசி நிறுத்தோம்; சம்பள நாளில் கடன் வசூலித்தோம். கணக்குப் பேரேட்டை மட்டும் அவர் திறந்து காட்டியதில்லை. "உனக்கு இங்கிலீஷ் படிப்பு போதும்" என்பார். அவர் நோயுற்றபோது எவர் எவ்வளவு தரவேண்டும் என்பது நமக்குத் தெரியவில்லை. கடை மூடிற்று. இன்று பிறர் கணக்கை எழுதும் கிராணியாக இருக்கிறோம். அவர் அன்பில் குறையில்லை. நம்பிக்கையைக் கையில் கொடுக்க அஞ்சினார், அவ்வளவே.

சாவி மகனுக்கு மட்டும் உரியதுமன்று. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்கும் சொத்தில் சமவுரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேதான் அந்த ஈரோட்டு வணிகர் நமக்கு அண்மையிலுள்ள பினாங்கில் வந்திறங்கினார். நம் கடைகளில் மாலைதோறும் நின்று விற்கும் மகள்மார் எத்தனை பேர்! அவர்கள் பெயர் எந்தப் பலகையில் உள்ளது?

கடை வைத்திருக்கும் பெரியோர்களை நாம் வேண்டுவது சிறிது. பெயர்ப்பலகையை இன்றே மாற்றவேண்டாம். இன்றிரவு கடையடைத்தபின் பேரேட்டை விரித்து, பிள்ளையை அருகில் அமர்த்தி, வரவையும் பற்றையும் வாசிக்கச் சொல்லுங்கள். பிழை நேருமாயின், அதனைத் திருத்த நீங்கள் உயிரோடிருக்கும் காலத்திலேயே நேரட்டும்.