சென்னை மாரத்தானுக்கு ஊரில் இருந்து 8 பேர் கிளம்பினால்... ரயில், ரூம், பிப்: எதை எப்போது முடிக்க வேண்டும்?

விடிவதற்கு முன்பே கீழ்வேளூர் பக்கத்து சாலைகளில் ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். பாதிப் பேர் போலீஸ், ராணுவத் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள். மீதிப் பேர் சர்க்கரை அளவைக் குறைக்க நடக்க ஆரம்பித்து, அந்த நடையே ஓட்டமாகிப் போனவர்கள். இப்படி ஒரு கூட்டத்தில் யாராவது ஒருவர், "ஒரு தடவை சென்னை மாரத்தான்ல ஓடிப் பாத்துடணும்ப்பா" என்று ஆரம்பிப்பார். அன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் குரூப் உருவாகும். எட்டுப் பேர் "நானும்" என்பார்கள்.

பயிற்சியில் யாரும் கோட்டை விடுவதில்லை. பயணத்தில்தான் விடுகிறார்கள். ரயில் டிக்கெட் கிடைக்காமல், தூரத்தில் ரூம் போட்டு, ராத்திரி முழுக்கத் தூங்காமல் தொடக்கக் கோட்டில் போய் நிற்கிறார்கள். மூன்று மாத உழைப்பு ஒரே இரவில் வீணாகிறது.

சனிக்கிழமை இரவு ஏறினால் என்ன?

சென்னை ரன்னர்ஸ் அமைப்பு நடத்தும் சென்னை மாரத்தான், அண்மை ஆண்டுகளில் ஜனவரி முதல் வாரத்தில் நடந்து வருகிறது. 2025-இல் ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. 42.195 கி.மீ. முழு மாரத்தான் அதிகாலை 4 மணி அளவிலேயே தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பதால் இந்த நேரம்.

எல்லா குரூப்பிலும் வரும் முதல் யோசனை இதுதான்: "சனிக்கிழமை ராத்திரி ரயில் ஏறுனா காலைல சென்னை. ரூம் வாடகை மிச்சம்." இந்தக் கணக்கு இரண்டு இடத்தில் உதைக்கும். ரயில் எழும்பூரில் நுழைவதற்குள் ஓட்டம் தொடங்கியிருக்கும். அதைவிட முக்கியமானது பிப். ஓட்டக்காரரின் எண் அச்சிட்ட, நேரத்தைப் பதிவு செய்யும் சிப் வைத்த அந்தச் சீட்டை, ஓட்டத்துக்கு முந்தைய ஓரிரு நாட்களில் அடையாள அட்டையைக் காட்டி வாங்க வேண்டும். பெரிய ஓட்டங்களில் ஓட்ட நாளன்று பிப் தருவதில்லை. அது இல்லாமல் தொடக்க இடத்துக்குள் விட மாட்டார்கள்.

ஆகவே திட்டத்தைப் பின்னால் இருந்து போட வேண்டும். ஞாயிறு அதிகாலை ஓட்டம். சனிக்கிழமை பகலில் பிப். அப்படியானால் ஊரில் இருந்து கிளம்ப வேண்டியது வெள்ளிக்கிழமை இரவு. திரும்பும் ரயில் ஞாயிறு இரவு. தங்குவது ஒரே ஒரு இரவு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பி, திங்கள் காலை ஊர் வந்து சேரலாம்.

60 நாள் கணக்கு

கீழ்வேளூர் ரயில் நிலையம் திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கிறது. எழும்பூர் - காரைக்கால் விரைவு ரயில் இந்தப் பாதையில்தான் போகிறது. ஊரில் நிற்காத ரயிலுக்கு திருவாரூர் போய் ஏறுவதே வழக்கம். எழும்பூர் நிலைய மறுசீரமைப்புப் பணியால் சில ரயில்களை தாம்பரத்தோடு நிறுத்தினார்கள். டிக்கெட்டில் கடைசி நிலையம் எது என்று பார்த்துவிடுவது நல்லது.

முன்பதிவுக் காலம் முன்பு 120 நாட்களாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாட்கள். ஜனவரி முதல் வார ஓட்டம் என்றால் நவம்பர் முதல் வாரத்தில் காலை 8 மணிக்கு போனுடன் உட்கார வேண்டும். போகும் டிக்கெட் திறந்து இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பும் டிக்கெட் திறக்கும். 2025 ஓட்டத்தையே எடுத்துக்கொண்டால், வெள்ளி இரவு ரயிலுக்கு நவம்பர் 4, ஞாயிறு இரவு ரயிலுக்கு நவம்பர் 6. முதல் டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் இரண்டாவதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

அதுவும் நாகை மாவட்டத்துக்காரர்களுக்கு இது சோதனையான வாரம். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு வேளாங்கண்ணி வந்த கூட்டம் சென்னைக்குத் திரும்பும் நேரம். அரையாண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர்களும் சேர்ந்துகொள்வார்கள். வெயிட்டிங் லிஸ்ட்டை நம்பிக் குழுவாகக் கிளம்பக் கூடாது. எட்டில் ஐந்து பேருக்கு உறுதியாகி மூன்று பேர் நிற்கும் நிலை வந்தால், அந்த மூன்று பேர் யார் என்பதிலேயே நட்பு விரிசல் விடும்.

ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் 6 பேர். தட்கலில் 4 பேர். எட்டுப் பேர் என்றால் இரண்டு டிக்கெட், அதுவும் இரண்டு பேரின் கணக்கில் ஒரே நேரத்தில் போடுவது நல்லது. முன்பதிவு தொடங்கும் நேரத்தில் ஆதார் சரிபார்த்த ஐஆர்சிடிசி கணக்குகளுக்கு மட்டுமே அனுமதி என்ற விதி 2025 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. ஆதாரை முந்தின வாரமே இணைத்து வைக்க வேண்டும். 8 மணிக்கு ஓடிபி வரவில்லை என்று தவிப்பதில் பயனில்லை.

ஒருவர் வரவில்லை என்றால்?

எட்டுப் பேரில் ஒருவருக்கு கடைசி வாரத்தில் முட்டி வலிக்கும். அல்லது தூர்வாரல், அறுவடை, வீட்டு விசேஷம் என்று ஏதாவது வரும். "அவன் டிக்கெட்ல நீ வா" என்பார்கள். ரயில்வே விதியில் அதற்கு இடம் இல்லை. உறுதியான டிக்கெட்டை அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், கணவன், மனைவி, பிள்ளைகள் பெயருக்கு மட்டும் மாற்றலாம். ரயில் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பே முன்பதிவு மையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். நண்பருக்கு மாற்ற முடியாது.

பிப்பை மாற்றிக்கொள்வது இதைவிட ஆபத்தானது. பதிவுக் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்பதால், வராதவரின் பிப்பை வேறு ஒருவர் குத்திக்கொண்டு ஓடுவது பல ஊர்களில் சத்தமில்லாமல் நடக்கிறது. பதிவு செய்யும்போது கொடுத்த வயது, ரத்த வகை, அவசரத் தொடர்பு எண் எல்லாம் அந்த எண்ணோடுதான் இணைந்திருக்கும். 30-ஆவது கிலோமீட்டரில் ஒருவர் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு முதலில் பார்ப்பது பிப் எண்ணைத்தான். முருகன் பிப்பில் செந்தில் ஓடினால், கீழ்வேளூரில் முருகன் வீட்டுக்கு போன் போகும். முருகன் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். ஆம்புலன்ஸில் இருக்கும் செந்திலுக்கு சர்க்கரை இருப்பதோ, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதோ யாருக்கும் தெரியாது. கட்டணம் போனால் போகட்டும்.

ரூம் எங்கே போடுவது?

சென்னை மாரத்தான் தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறு வேறு. அண்மை ஓட்டங்களில் முழு மாரத்தான் நேப்பியர் பாலத்தில் தொடங்கியது. 21 கி.மீ. அரை மாரத்தான் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் தொடங்கியது. முடிந்த இடம் தரமணி சிபிடி மைதானம். பாஸ்டன் மாரத்தானும் இப்படித்தான். ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் தொடங்கி பாஸ்டன் நகரில் முடியும். அங்கே ஓட்டக்காரர்களைப் பள்ளிப் பேருந்துகளில் ஏற்றித் தொடக்க இடத்துக்குக் கொண்டு போகிறார்கள். இங்கே அதை நாமே யோசிக்க வேண்டும்.

ரூமை தொடக்க இடத்துக்குப் பக்கத்தில் போடுவதுதான் சரி. ஓடி முடித்த பிறகு நேரம் நிறைய இருக்கிறது. பஸ், ரயில், ஆட்டோ எல்லாம் ஓடும். அதிகாலை 2.45 மணிக்குத்தான் எதுவும் கிடைக்காது. முழு மாரத்தான்காரர்களுக்குத் திருவல்லிக்கேணி வசதி. மேன்ஷன்களும் லாட்ஜ்களும் நிறைந்த பகுதி, நேப்பியர் பாலத்துக்கு நடந்தே போய்விடலாம். அந்த நடையே வார்ம்-அப் ஆகிவிடும். எழும்பூர் கென்னட் லேன் லாட்ஜ்கள் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருப்பதால் கை அங்கேதான் போகும். அங்கிருந்து பாலம் 4, 5 கி.மீ. இருக்கும். குழுவில் பாதிப் பேர் அரை மாரத்தான் என்றால் மயிலாப்பூரில் போடலாம், இரண்டு இடத்துக்கும் நடுவில். கிளாம்பாக்கம், தாம்பரம் பக்கம் வாடகை குறைவு என்று போடுவது வேண்டாம். பாலம் அங்கிருந்து ரொம்ப தூரம். மிச்சம் பிடித்த பணம் அதிகாலை கால் டாக்சிக்கே போய்விடும்.

மெட்ரோ ரயில் நிர்வாகம் அண்மை ஆண்டுகளில் மாரத்தான் நாளன்று அதிகாலை 3 மணிக்கே ரயில் விட்டிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறதா என்பதை அந்த வார அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். காமராஜர் சாலையில் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதால் வேனில் போகிறவர்களும் கடைசி ஒரு கிலோமீட்டராவது நடக்க வேண்டியிருக்கும்.

24 மணி நேர லாட்ஜ்: கவனிக்க வேண்டிய கணக்கு

தமிழ்நாட்டு லாட்ஜ்கள் பலவற்றில் '24 மணி நேர செக்-அவுட்' முறை இருக்கிறது. சாவி வாங்கிய நேரத்தில் இருந்து சரியாக ஒரு நாள். பொதுவாக இது வாடிக்கையாளருக்கு லாபம். மாரத்தான் குழுவுக்கு மட்டும் இதுவே பொறி.

வெள்ளி இரவு ரயில் சனிக்கிழமை விடியலில் சென்னை சேரும். தூக்கக் கலக்கத்தில் நேராக லாட்ஜுக்குப் போய் காலை 6 மணிக்கு ரூம் எடுத்தால், ஞாயிறு காலை 6 மணிக்குக் காலி செய்ய வேண்டும். அந்த நேரத்தில் எட்டுப் பேரும் சாலையில் ஓடிக்கொண்டிருப்பார்கள். முடித்துவிட்டு வந்தால் இன்னொரு நாள் வாடகை நிற்கும், அதுவும் எத்தனை ரூமோ அத்தனைக்கும்.

என்ன செய்யலாம்? பைகளைப் பூட்டி ரயில் நிலைய க்ளோக் ரூமில் போட்டுவிடலாம். டிக்கெட்டைக் காட்ட வேண்டும். பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். ஸ்டேஷனிலேயே முகம் கழுவி, டிபன் முடித்து, நேராகப் போய் பிப் வாங்கிவிடலாம். காலையில் அங்கே கூட்டமும் குறைவு. மதியம் 1 மணிக்கு ரூம் எடுத்தால் ஞாயிறு மதியம் 1 மணி வரை அவகாசம். குளித்து, ஒரு மணி நேரம் கால் நீட்டிப் படுத்துவிட்டு நிதானமாகக் கிளம்பலாம். பகல் 12 மணி செக்-அவுட் உள்ள ஹோட்டல் என்றால் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டு, அதை புக் செய்யும்போதே வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். லாட்ஜில் ஒவ்வொருவரின் அடையாள அட்டையும் கேட்பார்கள், ஒருவர் அட்டையில் நான்கு பேர் தங்க முடியாது. குழுவில் ஒரே ஒரு பெண் இருந்தாலும் தனி ரூம். அந்த வாடகையை எட்டுப் பேரும் பிரித்துக்கொள்வதுதான் முறை. குறட்டை விடுகிறவர் யார் என்று ஊரிலேயே கேட்டுக்கொண்டு, அவரைத் தனியாகவோ இன்னொரு குறட்டைக்காரரோடோ போடலாம். சிரிப்பாக இருக்கும். இரவு 8.30-க்குப் படுத்து 2 மணிக்கு எழ வேண்டிய நாளில் அது பெரிய விஷயம்.

2 மணிக்கு டீக்கடை இருக்காது

ஓட்டத்துக்கு முன் சாப்பிட வாழைப்பழம், பிரெட், கடலை மிட்டாய் ஆகியவற்றை சனிக்கிழமை மாலையே வாங்கி ரூமில் வைத்துவிட வேண்டும். சென்னை வந்த சந்தோஷத்தில் சனிக்கிழமை இரவு பிரியாணி வேண்டாம். ஊரில் நீண்ட ஓட்டத்துக்கு முந்தின இரவு எது சாப்பிட்டு வயிறு கேட்டதோ, அதையே இங்கேயும் சாப்பிடலாம். இட்லி எங்கேயும் கிடைக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், ரூம் சாவி. நான்கு பேர் ரூமில் ஒரே சாவிதான் இருக்கும். அதை முழு மாரத்தான் ஓடுகிறவர் பையில் போட்டுக்கொண்டு போனால், 10 கி.மீ. ஓடி முடித்தவர் வேர்த்த உடம்போடு வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். சாவி ரிசப்ஷனில் இருக்கட்டும். தரமணியில் ஓட்டம் முடிந்ததும் பறக்கும் ரயிலில் ஏறினால் திருமயிலை, சேப்பாக்கம் போய்விடலாம். கையில் கொஞ்சம் சில்லறை வேண்டும். போனில் சார்ஜ் இருக்கும் என்று நம்ப முடியாது.

வேன் எடுத்தால்?

கீழ்வேளூரில் இருந்து சென்னை சுமார் 300 கி.மீ. எட்டுப் பேருக்கு மேல் என்றால் 12 சீட் வேன் ரயிலுக்குக் கிட்டத்தட்ட நிகராக வரலாம். மஞ்சள் போர்டு வண்டியாக இருக்க வேண்டும். நண்பரின் வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சிக்கலாகும். டிரைவருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் பட்ஜெட்டில் இருக்க வேண்டும். 42 கி.மீ. ஓடியவர் அன்று மாலை ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது. பிரேக் மிதிக்கும் காலில் தசை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை யோசித்தாலே போதும்.

முதல் தடவை என்றால் ஆரோவில்

சென்னை பெரிய செலவாகத் தெரிந்தால் பக்கத்திலேயே ஆரோவில் மாரத்தான் இருக்கிறது. 2008-இல் தொடங்கியது, பிப்ரவரியில் நடக்கும். செம்மண் காட்டுப் பாதை. நேரம் பதியும் சிப் கிடையாது, பரிசும் கிடையாது. கீழ்வேளூரில் இருந்து சென்னைக்குப் போகும் தூரத்தில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் புதுச்சேரியில் ரூம் போட்டால் அதிகாலை ஆரோவில் போக பஸ் இருக்காது. குயிலாப்பாளையம் பக்கம் தங்க இடம் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும், அல்லது வேனோடு போக வேண்டும்.

திரும்பும் ரயிலில்

போகும்போது எந்த பெர்த் என்று யாரும் கவலைப்படுவதில்லை. திரும்பும்போது மேல் பெர்த் விழுந்தவரின் நிலைமை பரிதாபம். 42 கி.மீ. ஓடிய தொடையோடு அந்த ஏணியில் ஏற முடியாது. ஏறினாலும் கழிப்பறைக்கு இறங்க முடியாது. டிக்கெட் போடும்போதே லோயர் பெர்த்தைத் தேர்வு செய்து வைக்கலாம், கிடைத்தால் அதிர்ஷ்டம். 60 வயதைக் கடந்த ஆண்களுக்கும் 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் லோயர் பெர்த்தில் முன்னுரிமை உண்டு. குழுவில் 10 கி.மீ. மட்டும் ஓடிய இளைஞர்கள் இருந்தால் மேலே ஏறிக்கொள்ளச் சொல்லலாம். திங்கள் விடியலில் திருவாரூரில் இறங்குகிறவர்கள் படிக்கட்டு இல்லாத வழியைத்தான் தேடுவார்கள். பைக்கை ஸ்டாண்டில் போட்டுவிட்டு வந்திருந்தால், வீட்டில் இருந்து யாரையாவது வரச் சொல்லிவிடுவது உத்தமம்.