வானத்துக்குப் போன சர்வீஸ்

கம்பம் பள்ளத்தாக்குல ஆனி, ஆடி மாசம் வாலிபால் ஆடினவங்களுக்குத் தெரியும். பந்தை அடிக்கிறது நாமன்னாலும் அது எங்க விழணும்னு முடிவு பண்றது காத்துதான். மேற்கு மலையில இருந்து இறங்கி, மண்ணையும் அள்ளி மூஞ்சில அடிக்கும்.

அந்தக் காத்துலயும் எங்க ஊர் அண்ணன் ஒருத்தர் கையைத் தாழ்த்தி, பந்தைத் தென்னை மரத்துக்கு மேல தூக்கி சர்வீஸ் போடுவார். அதுக்கு முன்னாடி ஓலை எந்தப் பக்கம் சாயுதுன்னு ஒரு பார்வை. எதிர்ல நாங்க அண்ணாந்து, வெயில்ல கண்ணு கூசி, "எனக்கு", "உனக்கு"ன்னு கத்தி, கடைசியில யாரும் எடுக்க மாட்டோம் :-)

இது அவரோட சொந்தச் சரக்குன்னு ரொம்ப நாள் நம்பிக்கிட்டிருந்தேன். பிறகுதான் பிரேசில்காரர் பெர்னார்ட் ராய்ஸ்மன் பற்றித் தெரிஞ்சது. 1980களின் தொடக்கத்துல இதே மாதிரி பந்தை ஏறக்குறைய 25 மீட்டர் உசரத்துக்கு அனுப்பினவர். அந்த சர்வீஸுக்கு 'ஸ்டார் ட்ரெக்' தொடரோட பிரேசில் பெயரையே வச்சுட்டாங்க. 1983 ஜூலை 26-ல் ரியோவின் மரக்கானா கால்பந்து மைதானத்துல, திறந்தவெளியில, மழைக்கு நடுவே சோவியத் அணியோட ஆட்டம். பார்க்க வந்தவங்க 95 ஆயிரத்துக்கும் மேல. பிரேசில் 3-1னு ஜெயிச்சது. அடுத்த வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ல வெள்ளி.

ஆனா இது லேசுப்பட்ட வேலை இல்லைங்க. அவ்வளவு உசரம் போகணும்னா பந்து கிட்டத்தட்ட செங்குத்தா கிளம்பணும். காத்தே இல்லாத கணக்குல பார்த்தாலும், கோணம் ஒரு டிகிரி பிசகினா விழுற இடம் ஒண்ணரை மீட்டருக்கு மேல தள்ளிப் போயிடும். பந்தோட எடையோ 280 கிராமுக்குள்ள. நாலு செகண்டுக்கு மேல அது மேல இருக்கும்போது ஆடிக் காத்து சும்மா இருக்குமா?

அப்புறம் ஏன் துணிஞ்சு போட்டாங்க? அன்னைக்கு சர்வீஸ் போடுற அணிக்கு மட்டும்தான் பாயிண்ட். தப்பினா சர்வீஸ் கைமாறும், அவ்வளவுதான். 1998-ல சர்வதேச சம்மேளனம் ராலி முறைக்கு மாற முடிவெடுத்த பிறகு, தப்பின ஒவ்வொரு சர்வீஸும் எதிரணிக்கு ஒரு பாயிண்ட். உள்ளரங்கத்துல கூரை வேற இடிக்கும்; விதிப்படி தளத்துக்கு மேல 7 மீட்டர் காலியா இருந்தாப் போதுமே. அதே பிரேசில் அணி பிரபலமாக்கின குதிச்சு அடிக்கிற சர்வீஸ்தான் நிலைச்சு நின்னது.

ராலி முறை எங்க கிரவுண்டுக்கும் வந்துச்சு. "தாழ்வாவே போடுண்ணே, பாயிண்ட் போகுது"ன்னு அண்ணன்கிட்ட சொன்னோம். அவரும் மறுபேச்சு பேசாம போட்டார். சொன்னவங்கள்ல நானும் ஒருத்தன்.