நிற்பதற்கென்றே கட்டிய கப்பல்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள பிளைத் துறைமுகத்தில் ஒரு பழைய மரக் கப்பல் நிற்கிறது. டிரினிட்டி ஹவுஸ் என்னும் கலங்கரை விளக்க நிர்வாகத்துக்காக 1879இல் கட்டப்பட்ட 50ஆம் எண் விளக்குக் கப்பல் அது. 1952இல் ராயல் நார்தம்பர்லேண்ட் யாட் கிளப் அதை வாங்கி, ‘டைன்’ என்று பெயரிட்டுத் தன் மனையாக்கிக்கொண்டது. மாலுமிகள் இரவெல்லாம் கண்விழித்த இடத்தில் இன்று உறுப்பினர்கள் கோப்பையும் கையுமாக அரட்டையடிக்கிறார்கள். கடலில் கிடந்த கப்பலைக் கரையோரம் கட்டிப்போட்டுக் கேளிக்கை மண்டபமாக்குவது அதற்குச் செய்யும் அவமரியாதை என்று சிலருக்குத் தோன்றலாம். சரக்குக் கப்பலுக்கோ போர்க் கப்பலுக்கோ அது பொருந்தும். விளக்குக் கப்பலுக்குப் பொருந்தாது.

ஏனென்றால் விளக்குக் கப்பல் பயணத்துக்காகக் கட்டப்பட்டதே அல்ல. கோபுரம் எழுப்ப முடியாத மணல்திட்டுகளின் அருகே விளக்கேற்றி நிற்பதற்காக உருவான கலம் அது. இங்கிலாந்தில் முதலாவது 1732இல் தேம்ஸ் முகத்துவாரத்தின் நோர் திட்டருகே நின்றது. டிரினிட்டி ஹவுஸின் விளக்குக் கப்பல்களுக்கு ஓடுவதற்கான எஞ்சின் கிடையாது. இன்னொரு கப்பல்தான் இழுத்துச் சென்று நிறுத்தும். காளான் வடிவ நங்கூரம் மண்ணைக் கவ்வி இடம்பெயராமல் காக்கும். மாலுமிகள் வாரக்கணக்கில் அதிலேயே சமைத்து, உண்டு, உறங்கினார்கள். விளக்கேற்றி ஓரிடத்தில் நிற்பதும் ஆட்களைத் தங்கவைப்பதும்தான் அதன் தொழில். கிளப் மனையான பிறகும் அந்தத் தொழிலில் பாதி தொடர்கிறது.

அருங்காட்சியகமாக்குவதே முறை, கிளப் இன்று இருக்கும், நாளை போகும் என்று வாதிடலாம். அதற்கு ஆதாரமும் உண்டு. 1864இல் கட்டிய ‘சிட்டி ஆஃப் அடிலெய்ட்’ பாய்மரக் கப்பல், ‘கேரிக்’ என்ற பெயரில் கிளாஸ்கோவில் நாற்பதாண்டுகள் கடற்படைத் தொண்டர் அதிகாரிகளின் கிளப்பாக இருந்தது. கிளப் கைவிட்டபின் 1991இல் மூழ்கியே போனது. ஆனால் அந்த நாற்பதாண்டுகளை அதற்குக் கொடுத்ததும் கிளப்தான். பின்னர் அதை மீட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்ல முடிந்தது அதனால்தான். எதிர்ப்பக்கம் பாருங்கள்: டிரஃபால்கர் போரைக் கண்ட ‘இம்ப்ளேக்கபிள்’ கப்பலின் சீரமைப்புச் செலவை ஏற்க யாரும் முன்வராததால், 1949இல் அதைக் கடலில் மூழ்கடித்தார்கள். வரலாற்று மதிப்பு மட்டும் ஒரு கப்பலைக் காப்பாற்றிவிடாது. மரக் கப்பலுக்கு உப்புநீரைவிட மேல்தளத்தில் கசியும் மழைநீர்தான் பெரிய எதிரி; ஆள் புழங்காத வீட்டைப் போல அது உள்ளிருந்தே இற்றுவிடும். தினமும் வந்து உட்காருபவர் தலையில் சொட்டினால்தான் ஒழுகல் தெரியும், தச்சரும் வருவார்.

இழப்பு இல்லாமல் இல்லை. வழிகாட்டும் விளக்கும் அலையின் உலுக்கலும் துறைமுகத்துக்குள் கிடையாது. ஆனால் கடலில் இன்றும் பணியாற்றும் டிரினிட்டி ஹவுஸ் விளக்குக் கப்பல்களின் நிலை என்ன? 1980களின் இறுதிக்குள் அவை அனைத்தும் தானியங்கிகளாகி, கடைசி மாலுமியும் இறங்கிவிட்டார். அங்கே விளக்கு எரிகிறது, பேச்சுக்குரல் இல்லை. விளக்குக் கப்பலுக்குள் மனிதர்கள் கூடி உண்டு பேசும் காட்சியைக் காண வேண்டுமானால், ஓய்வுபெற்று நிற்கும் ‘டைன்’ போன்ற கப்பலில்தான் ஏற வேண்டும்.