கோலார் சுரங்கமும் குறுகும் வானமும்

ஓடும் பொருள், ஓடும் திசையில் குறுகும் என்று அயர்லாந்தின் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1889இல் சொன்னபோது, அது ஓட்டையை அடைக்கச் செய்த ஏற்பாடாகவே பட்டது. மைக்கல்சனும் மோர்லியும் 1887இல் நடத்திய ஒளிச் சோதனையில் பூமியின் ஓட்டம் புலப்படவில்லை; கருவியே குறுகுகிறது என்றால் கணக்கு நேராகிவிடும். ஐன்ஸ்டைன் 1905இல் அடிப்படையையே மாற்றினார்: பொருளை எதுவும் நசுக்கவில்லை, அளப்பவருக்கும் பொருளுக்கும் இடையிலான ஓட்டத்தைப் பொறுத்தே நீளம் அமைகிறது. ஆனாலும் குறுகிய அளவுகோலை எவரும் பிடித்துவைத்துக் காட்டியதில்லை என்பதால், இதை வெறும் கணக்கு வித்தை என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்களுக்கான பதில் வானத்திலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறது. அதை எண்ணிப் பார்த்த இடங்களுள் ஒன்று, தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகப் பொன் தோண்டிய கோலார் தங்கவயல்.

அண்டக்கதிர்கள் காற்றில் மோதுவதால் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்தில் மியூவான் எனும் நுண்துகள்கள் பிறக்கின்றன. அவற்றின் சராசரி ஆயுள் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கு, ஒளியின் வேகத்தில் பறந்தாலும் அதற்குள் 660 மீற்றர்தான் போகலாம். ஆனால் அவை தரைக்கு வந்து சேர்கின்றன. இத்தகைய துகள்களின் சிதைவே ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டுக்கு நேரடிச் சான்றாகும் என்று ஹோமி பாபா 1938இல் கேம்பிரிட்ஜிலிருந்து எழுதினார். 1941இல் ரொஸியும் ஹோலும் கொலராடோவில் அளந்து உறுதிசெய்தனர். இது நேரம் நீள்வதற்குத்தானே சான்று, நீளம் குறுகுவதற்கு எப்படி ஆகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமக்கு மியூவானின் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. மியூவானோடு பயணிப்பவருக்கோ கடிகாரத்தில் மாற்றமே இல்லை, ஆயுளும் கூடவில்லை. அப்படியானால் வழிதான் குறுகியிருக்க வேண்டும். 400 கோடி இலத்திரன் வோல்ற்று சக்தியுள்ள மியூவானுக்கு அந்த 15 கிலோமீற்றர் சுமார் 396 மீற்றர், அதாவது இலங்கையில் 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தின் நீளம். (வழியில் இழக்கும் சக்தியை இங்கே கணக்கில் எடுக்கவில்லை.)

கோலாரில் யாரும் ஐன்ஸ்டைனைச் சோதிக்கவில்லையே என்பது அடுத்த ஆட்சேபம். உண்மைதான். பாபாவின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பி. வி. ஸ்ரீகண்டன் 1950களின் தொடக்கத்தில் அங்கே இறங்கியது, ஆழம் கூடக்கூட மியூவான்கள் எவ்வளவு குறைகின்றன என்று அறியத்தான். ஆனால் மேலே எத்தனை மியூவான்கள் சிதையாமல் தப்பும் என்பதிலிருந்தே அந்தக் கணக்கு தொடங்குகிறது. சார்பியல் அதில் விவாதப்பொருளாக இல்லை, வேலைக் கருவியாகிவிட்டது. 1965இல் இரண்டு கிலோமீற்றருக்கும் கூடுதலான ஆழத்தில், ஏறக்குறையக் கிடையாக வந்த சில மியூவான்கள் பதிவாயின. வானத்தில் பிறந்தவை அந்தத் திசையில் அத்தனை பாறையைத் துளைத்து வர இயலாது. ஆகவே, நியூட்ரினோக்கள் பக்கத்துப் பாறையில் மோதியதால் பிறந்தவை அவை என்று முடிவுசெய்தார்கள்.